சூடேறும் திறன்பேசியும் சொல்லப்படாத விலையும்

மே மாத நண்பகல். தாராவி 90 அடிச் சாலையில், கடை ஒன்றின் தகரக் கூரை நிழலில் உணவு விநியோகிக்கும் தொழிலாளி ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறார். மாட்டுங்காவில் பெற்ற உணவுப் பொதியைச் சயனில் சேர்ப்பிக்க வேண்டும். ஆனால், வண்டியின் கைப்பிடியில் பொருத்தியிருந்த திறன்பேசி வெயிலில் சூடேறித் திரை மங்கி, வெப்ப எச்சரிக்கையை மட்டும் காட்டிக்கொண்டு செயலற்றுப்போயிற்று. வழிகாட்டும் வரைபடம் இல்லை. வாடிக்கையாளரை அழைக்கவும் இயலவில்லை. கைக்குட்டையால் அதற்கு விசிறிவிடுகிறார். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவரது அன்றைய வருவாயில் கழிகிறது.

அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். அன்றிரவு அதே திறன்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது: புதிய மென்பொருள் வந்துள்ளது, நிறுவிக்கொள்ளலாம் என்று. அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்ததால், எட்டாம் வகுப்பில் பயிலும் மகளிடம் நீட்டினார். “ஏம்மா, இதை அமுக்கட்டுமா? அமுக்கினா சூடு குறையுமா? இல்ல, இருக்கிற வேகமும் போயிடுமா?” மகளுக்கு விடை தெரியவில்லை. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய வினாக்கள் உங்களிடம்தான் வருகின்றன. வீட்டுக்கு வரும் ஆங்கில அறிவிப்புகளைப் படித்துச் சொல்பவர்கள் நீங்கள் அல்லவா? ஆகவே, அத்தந்தை கேட்ட வினாவை நாம் சற்று ஆராய்வோம்.

திறன்பேசியின் உள்ளே இருக்கும் சில்லு, வேலை செய்வதற்கு மின்னாற்றலைப் பயன்படுத்துகிறது. அவ்வாற்றல் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. மேசைக் கணினியில் வெப்பத்தை வெளியேற்ற விசிறி உண்டு. பெரும்பாலான திறன்பேசிகளில் அஃதில்லை. அவற்றின் மேலுறை வழியாகவே வெப்பம் வெளியேற வேண்டும். வெளியேறுவதைவிட உண்டாகும் வெப்பம் மிகுந்தால், கருவி தன்னைக் காத்துக்கொள்ளச் சில்லின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐபோனைச் சுற்றியுள்ள வெப்பநிலை 35 பாகை செல்சியசைக் கடவாமல் பயன்படுத்துமாறு அதன் நிறுவனமே அறிவுறுத்துகிறது. மும்பையின் கோடை அவ்வெல்லையை எளிதில் எட்டிவிடும். நேர் வெயிலில் தொங்கும் கருவியின் நிலையைச் சொல்லவே வேண்டா.

இனி, மென்பொருள் இச்சூட்டைத் தணிக்குமா என்பதைப் பார்ப்போம். நம் குடியிருப்புகளில் காலையில் சில மணி நேரமே குழாய்நீர் வருகிறது. குடம் நிறையவில்லை என்றால் அதற்கு இரு தீர்வுகள் உள்ளன. குழாயில் கசிவு இருந்தால் அதை அடைக்கலாம்; எவருக்கும் குறைவின்றி நீர் மிஞ்சும். கசிவே இல்லையெனில், வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளவைக் குறைக்கத்தான் வேண்டும். இரண்டும் “தண்ணீர்ச் சிக்கல் தீர்ந்தது” என்றே அறிவிக்கப்படலாம். ஆயினும், குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகா.

கசிவை அடைத்த நிகழ்வுக்கு நமக்கு மிக அருகிலேயே சான்று உண்டு. தாராவிக்கு வடக்கே மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்திரா-குர்லா வளாகம். அங்கே 2023 ஏப்ரல் 18 அன்று ஆப்பிள் நிறுவனம் இந்தியாவில் தன் முதல் கடையைத் திறந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று ஐபோன் 15 வகைகள் விற்பனைக்கு வந்தபோது, அக்கடை வாயிலில் நீண்ட வரிசை நின்றது. ‘புரோ’ வகையின் தொடக்க விலை 1,34,900 ரூபாய். (அவ்விலையைப் படித்துக் காட்டியபோது எங்கள் அடுத்த வீட்டுக்காரர் நெடுநேரம் சிரித்தார்.) வாங்கிய சில நாள்களிலேயே, அது கையில் பிடிக்க இயலாதபடி சுடுகிறது என்று உலகெங்கும் முறையீடுகள் எழுந்தன. உறைக்குப் பயன்படுத்திய டைட்டானியமே காரணம் என்று சிலர் கருதினர். நிறுவனம் அதை மறுத்தது. ஐஓஎஸ் 17 மென்பொருளில் இருந்த பிழையும், இன்ஸ்டாகிராம், ஊபர், அஸ்பால்ட் 9 போன்ற செயலிகள் சில்லுக்கு மிகுதியான சுமை கொடுத்ததுமே காரணங்கள் என்றது. அக்டோபர் 4 அன்று திருத்தம் வந்தது. வெப்பத்தைத் தணிப்பதற்காக வேகத்தைக் குறைக்கவில்லை என்றும் நிறுவனம் உறுதி கூறியது. அளந்து பார்த்த தொழில்நுட்ப இதழ்கள் சிலவும் குறிப்பிடத்தக்க வேகக் குறைவு இல்லை என்றே எழுதின. வீணான வேலையை நிறுத்தியதால் வெப்பம் குறைந்தது; பயனுள்ள வேலைக்குக் குறைவு நேரவில்லை.

எல்லாத் திருத்தங்களும் இவ்வகையின அல்ல. சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி எஸ்22 திறன்பேசி 2022இல் வெளிவந்தது. விளையாட்டுகளின்போது கருவி சூடேறாதிருக்கச் சில்லின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. அதை நிறுத்திவைக்கும் வழி பயனருக்குத் தரப்படவில்லை. விரைவான கருவி என்று நம்பி வாங்கியோர் வெகுண்டனர். தென்கொரியாவில் எதிர்ப்பு வலுக்கவே, அவ்வாண்டு மார்ச்சில் நிறுவனத்தின் துணைத்தலைவர் பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். வேகத்தைப் பயனரே தேர்ந்துகொள்ளும் வசதியும் எதிர்ப்பு எழுந்த பின்னரே வழங்கப்பட்டது.

மென்பொருளால் தீராத சூடும் உண்டு. 2016இல் அதே நிறுவனத்தின் நோட் 7 திறன்பேசிகள் சில தீப்பற்றின. மின்னேற்றத்தை 60 விழுக்காட்டோடு நிறுத்தும் மென்பொருளைக் கொரியாவில் அனுப்பிப் பார்த்தனர். பிழையோ மின்கலத்தின் அமைப்பில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அக்கருவியின் உற்பத்தியே கைவிடப்பட்டது.

வேகத்தைக் குறைப்பதே குற்றம் என்று நான் கூறவில்லை. பழைய மின்கலம் திடீரென அணைந்துபோவதைவிடக் கருவி சற்று மெதுவாக இயங்குவது நன்றே. சொல்லாமல் குறைப்பதுதான் குற்றம் என்பேன். மின்கலம் நலிந்த ஐபோன்களின் வேகத்தை 2017இல் வந்த மென்பொருள் குறைத்தது. பயனர்கள் பலர் அதைப் புதிய கருவி வாங்க வேண்டிய அறிகுறி என எண்ணினர். உண்மையில் மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் செய்தி வெளிப்பட்டதும் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. புதுப்பிப்பு கருவியின் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்பதை முன்னரே தெரிவிக்காமைக்காக, 2020இல் பிரான்சு நாட்டு அரசு அமைப்பு அந்நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது.

நம் நாட்டிலும் இது பேசப்படுகிறது. ஐஓஎஸ் 18 மென்பொருளை நிறுவிய பின் செயல்திறன் குறைந்ததாக முறையீடுகள் வந்ததால், ஆப்பிளிடம் விளக்கம் கேட்டு நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிப்பு அனுப்பியுள்ளதாக 2025 ஜனவரியில் அத்துறை அமைச்சர் தெரிவித்தார்.

இதில் மிகுதியாகப் பாதிக்கப்படுவோர் யார் என்பதையும் எண்ண வேண்டும். ஆண்டுதோறும் புதிய கருவி வாங்குவோருக்கு இஃது ஒரு சிறு தொல்லை. ஒருவர் பயன்படுத்தி விற்ற கருவியை வாங்கி, ஐந்தாறு ஆண்டுகள் அதைக்கொண்டு பிழைப்போருக்கு அது கைக்கருவி. தையற்காரரின் பொறியை ஓர் இரவில் எவரோ மெதுவாக ஓடச் செய்துவிட்டுப் போனால் நாம் பொறுப்போமா? புதுப்பிப்பை அறவே தவிர்ப்பதும் தீர்வாகாது. பணம் செலுத்தும் செயலிகளைத் திருடரிடமிருந்து காக்கும் திருத்தங்களும் அதனோடுதான் வருகின்றன. எனவே, வேகம் குறையுமா என்பதை நிறுவனம் முன்கூட்டியே, பயனர் படிக்கும் மொழியில், ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். குறைக்காமலிருக்கும் வாய்ப்பையும் தர வேண்டும்.

எங்கள் அடுத்த வீட்டுக்கு வந்த அறிவிப்பில் அத்தகைய வரி எதுவும் இல்லை. “பிழைகள் திருத்தப்பட்டன; செயல்பாடு மேம்படுத்தப்பட்டது” என்பதே அதன் சாரம். அச்சிறுமி ஒரு வழி கண்டாள். வரைபடச் செயலி திறக்க எத்தனை வினாடி ஆகிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று முறை எண்ணிக் குறித்துக்கொண்டாள். பிறகு மென்பொருளை நிறுவினாள். புதிதாக நிறுவியதும் கருவி சில நாள்கள் உள்ளுக்குள் மிகுதியாக உழைக்கும் என்பதால், ஒரு வாரம் பொறுத்து மீண்டும் எண்ணினாள். முன்பு 6 வினாடி, இப்போது 9. சூடு குறைந்திருக்கிறதா என்று தந்தையைக் கேட்டாள். “குறைஞ்சிருக்கும்மா. ஆனா, படம் வர்றதுக்குள்ள சிக்னல் விழுந்துடுது” என்றார் அவர்.

பழைய மென்பொருளுக்குத் திரும்பும் வழியைத் தேடினாள், கிட்டவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐத் தன் குறிப்பேட்டில் அவ்விரு எண்களுக்கும் கீழே எழுதி வைத்திருக்கிறாள். அவ்வெண்ணில் தமிழிலும் பேசலாம். தந்தை மறுநாள் காலை, பழைய அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, திறன்பேசிக்கு மேலே வெயில் மறைப்பாகக் கட்டிக்கொண்டு செம்பூர் நோக்கிப் புறப்பட்டார்.