வெட்டு... ஒட்டு... ஜீன்!

எங்க ஊர் தீர்த்தமலைக்கு வந்திருக்கீங்களா பாஸ்? அரூர்ல இறங்கி பஸ் மாறணும். மலைப்படி ஏறுற நீங்க, உங்க தேங்காய்மூடிக்குக் குறி வைக்கிற குரங்கு, பாறை இடுக்குல முளைச்ச செடி... மூணு பேருக்கும் ஒரு ஒற்றுமை. பெரும்பாலான ஜீன்கள் துண்டு துண்டாதான் இருக்கும்! நடுநடுவே புரதம் செய்ய உதவாத 'இன்ட்ரான்'. செல் அதை வெட்டி எறிஞ்சுட்டு, மீதியை ஒட்டிப் படிக்குது. 1977-ல் இதைக் கண்டுபிடிச்ச ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993-ல் நோபல் பரிசு. பாக்டீரியாவுக்கு இந்த வம்பே பெரும்பாலும் கிடையாது. அதோட ஜீன் வெட்டுப்படாத முழு நூல்.

'சிம்பிளான பாக்டீரியா முதல்ல, சிக்கலான செல் அப்புறம்'னுதானே பிளஸ் டூ-வில் படிச்சோம்? 1986-ல் பெரியண்ணன் சேனாபதி (பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யில் பிஹெச்.டி., அப்புறம் அமெரிக்கா) தலைகீழா ஒரு கட்டுரை எழுதினார். ஆயுதம், நம்ம பசங்கள்ல பாதிப் பேரை அரியர்ல தள்ளுற அதே பிராபபிலிட்டி!

டி.என்.ஏ-வில் மூணெழுத்து வார்த்தைகள் மொத்தம் 64. அதுல 3 வார்த்தைக்கு அர்த்தம் 'ஸ்டாப்'. எழுத்துகளைக் கண்ணை மூடிக்கிட்டு இறைச்சா, சராசரியா 21 வார்த்தைக்கு ஒரு ஸ்டாப் வந்து நிக்கும். ஸ்டாப்பே இல்லாம 300 வார்த்தை ஓடணுமா? 61/64-ஐ 300 தடவை பெருக்குங்க. சுமார் 18 லட்சத்துல ஒரு சான்ஸ்! ஆக, நீள ஜீன் தானா அமையறது ரொம்பக் கஷ்டம், குட்டித் துண்டுகள் ஈஸி. அதனால துண்டு ஜீன்தான் மூத்ததுன்னார் சேனாபதி.

பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏத்துக்கலை. ஆதி செல்லுக்குள்ள குடியேறி மைட்டோகாண்ட்ரியாவா மாறின பாக்டீரியா, கூடவே கொண்டுவந்த 'தன்னைத்தானே வெட்டிக்கிற' துண்டுகள்தான் இன்ட்ரானோட மூதாதைங்கிறதுதான் இன்னிக்குச் செல்வாக்கான கருத்து. என் ஓட்டும் அதுக்குதான். ஆனா, அந்தக் கணக்கு அழகுங்க!

1987-ல் மார்வின் ஷாப்பிரோவும் சேனாபதியும் சேர்ந்து, செல் எந்த இடத்துல வெட்டும்னு மார்க் போட ஒரு ஃபார்முலா கொடுத்தாங்க. நோய்க்குக் காரணமான எழுத்துப் பிழையைத் தேடுறவங்களுக்கு அது இன்னிக்கும் உதவுது.

உதாரணத்துக்கு பீட்டா தலசீமியா. ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்க வேண்டிய நோய். இந்தியாவுல இதுக்கு அதிகமாக் காரணமா இருக்கிற பிழை எங்கே தெரியுமா? 'உதவாத' முதல் இன்ட்ரானோட அஞ்சாவது எழுத்துல! 'ஜி' இருக்க வேண்டிய இடத்துல 'சி'. கத்தரி இடம் மாறிடுது. ஒருத்தர் இந்தப் பிழையோட ஜாலியா காலேஜ் போயிட்டு இருக்கலாம், தெரியவே தெரியாது. கட்டிக்கப்போற அத்தை பொண்ணுக்கும் அதே பிழை இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு ரிஸ்க். கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கு. லேப்ல 'ஹெச்.பி.எல்.சி'ன்னு கேளுங்க.