எஃகு என்னும் சொல்லும் எஃகு என்னும் பொருளும்

தமிழரின் உலோகத் தொழில்நுட்பம் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு வைப்புமுறை வேரூன்றிவிட்டது. சங்கப் பாடல்களில் ‘எஃகு’ பயின்றுவரும் இடங்கள் முதலில் தொகுக்கப்படுகின்றன. அடுத்துக் கொடுமணலின் உலைகள், அதன்பின் டமாஸ்கஸ் வாள், இறுதியில் அவ்வாளில் காணப்பட்ட நுண்குழாய்கள். இந்நான்கும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதாகக் கொண்டு முடிவுரை எழுதப்பெறுகிறது. உண்மையில் இவை நான்கு வேறு வினாக்களுக்குரிய விடைகள். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்கு மாற்றி வழங்குவதால் தமிழாய்வு பெறும் ஆதாயம் சிறிது. இழக்கும் நம்பகத்தன்மை பெரிது.

சொல்லிலிருந்து தொடங்குவது தகும். ‘எஃகு’ என்பதற்குக் கூர்மை, படைக்கலம், உருக்கு எனப் பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் வேலையோ பிற கூர்ம்படையையோ குறித்து நிற்கிறது. திருக்குறளின் பொருள் செயல்வகை அதிகாரத்திலும் அது செருக்கறுக்கும் படையாகவே வருகிறது. படை செய்யப்பட்ட உலோகத்தில் கரிமம் எத்துணை விழுக்காடு கலந்திருந்தது என்பது புலவனின் கருத்தில் இல்லாத செய்தி. பிற்கால வழக்கில் எஃகு ஓர் உலோக வகையின் பெயராக நிலைபெற்றது. அப்பொருளைப் பழம்பாடலின்மேல் ஏற்றிப் படித்து, பின் அப்பாடலையே அவ்வுலோகத்திற்குச் சான்றாக்குவது வட்டவாதம். இலக்கணத்திலோ பதிப்பிலோ இவ்வாறு செய்தால் எந்த மதிப்பீட்டாளரும் ஏற்கமாட்டார்.

பொருளறிவியல் வரையறுக்கும் எஃகு வேறு. இரும்பின் உருகுநிலை 1538 பாகை செல்சியசு. பழைய உலைகள் பொதுவாக அவ்வெப்பத்தை எட்டவில்லை. தாது உருகாமலேயே கரியால் ஒடுக்கமடைந்து, கசடு கலந்த பஞ்சு போன்ற கட்டியாக இறங்கியது. அதைத் தட்டித் தட்டிக் கசடு நீக்கிப் பெற்றதே தேனிரும்பு. அதில் கரிமம் மிகக் குறைவு. அத்தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, மரக்கரியோ தழையோ சேர்த்து, மண் மூசையில் அடைத்து வாய்பூசி நெடுநேரம் ஊதினால் கரிமம் ஏற ஏற உருகுநிலை தாழ்கிறது, உள்ளிருப்பது நீர்மமாகிறது. ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு விழுக்காடு கரிமம் கொண்ட அந்த வார்ப்பே ஐரோப்பியர் ‘ஊட்சு’ என்று அழைத்த மூசை எஃகு. நீர்மமாகும்போது கசடு மேலே மிதந்து பிரிந்துவிடும். ஆகவே ஒரு பழம்பொருளின் வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் காணும் ஆய்வாளர் கரிம அளவை மட்டும் பார்ப்பதில்லை; நீண்டு நசுங்கிய கசடுத் துணுக்குகள் உள்ளனவா என்றும் பார்க்கிறார். கரிமம் மிகுந்திருந்து கசடும் இருக்குமாயின் அது எஃகுதான். ஆயினும் மூசையில் உருகியதென்று அதைக்கொண்டு சொல்ல இயலாது.

இங்குத் தமிழறிஞர் கவனிக்கத்தக்க மற்றொரு சொல் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘உக்கு’ எனவும் தமிழில் ‘உருக்கு’ எனவும் வழங்கும் சொல், பண்பையோ பயனையோ சுட்டாமல் செய்முறையைச் சுட்டுகிறது. பிற இரும்பு தட்டிப் பெறப்பட்டது, இது உருக்கிப் பெறப்பட்டது என்னும் வேறுபாடு அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. தொழில்நுட்ப வரலாற்றுக்கு எஃகைவிட உருக்கே வளமான சொல் எனலாம். ஆயினும் ஆய்வேடுகள் எஃகின் பின்னேயே ஓடுகின்றன. அது சங்க இலக்கியத்தில் உள்ளது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தோன்றவில்லை. ‘உருக்கு’ உலோகப் பெயராக எந்நூலில், எக்கல்வெட்டில், எக்காலத்தில் முதன்முதல் வருகிறது, அதற்குமுன் வினையாக மட்டும் நின்றதா என்று நிரல்படத் தொகுத்தால், எந்த ஆய்வுக்கூடமும் தரவியலாத சான்றைத் தமிழ்த்துறை தரும்.

ஆய்வுக்கூட முடிவுகளைப் படிக்கும் முறைக்குத் தமிழ் மரபிலேயே ஒரு பயிற்சி உண்டு. மூலம் வேறு, உரை வேறு என்பதை மறந்து எவரும் இலக்கியம் படிப்பதில்லை. பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரு குறளுக்கு வேறுபடப் பொருள் கூறினாலும் குறள் மாறுவதில்லை. சோதனையில் அளந்து கண்டது மூலத்தைப் போன்றது. அதற்குக் கோட்பாடு கூறும் காரணம் உரையைப் போன்றது. ஊட்சு எஃகின் ஆய்வு வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு காட்டுகிறது.

1795இல் சார்ச் பியர்சன் இலண்டன் அரச கழகத்தின் இதழில் ஊட்சு பற்றிய சோதனைகளை வெளியிட்டார். கொல்லர் மகனான மைக்கேல் பாரடே 1819இல் அதைப் பகுத்தாய்ந்து, அதன் தனித்தன்மைக்கு அலுமினியமே காரணம் எனக் கருதினார். அவ்விளக்கம் நிற்கவில்லை. ஆனால் அதைத் தேடி அவரும் சேம்சு சுடோடார்ட்டும் பல உலோகங்களை எஃகில் கலந்து 1820 முதல் செய்த சோதனைகள் கலப்பு எஃகு ஆய்வின் தொடக்கங்களுள் ஒன்றாக நின்றன. உரை வீழ்ந்தது, மூலம் நிலைத்தது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிச் சேலத்துத் தாதைக் கையாண்ட சோசியா மார்சல் ஈத் 1830களின் இறுதியில் எழுதிய குறிப்பும் இத்தகையதே. மூசையில் ஆவாரங்கட்டையும் எருக்கிலை போன்ற தழையும் இடப்பட்டதை அவர் பதிவுசெய்தார். தழையிலிருந்து எழும் வாயு கரிமத்தை விரைந்து ஏற்றுகிறது என்னும் அவரது விளக்கம் அக்கால வேதியியலுக்குரியது. ஆவாரையும் எருக்கும் எக்காலத்துக்கும் உரிய தரவு. தமிழில் இவ்விரு செடிகளுக்கும் உள்ள வழக்குகளையும் தொழிற்பயன் குறிப்புகளையும் தொகுப்போர் இதை இன்னும் போதிய அளவில் கண்டுகொள்ளவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சான் வெர்கோவனும் கொல்லர் ஆல்பிரட் பென்ட்ரேயும் இணைந்து செய்த பணி இத்துறையில் முதன்மையானது. பேராசிரியர் ஒருவரும் கைத்தொழிலாளர் ஒருவரும் ஒரே கட்டுரையில் இணையாசிரியராக நிற்பது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சூழலில் அரிது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். 1924இல் சோக்கே என்பவர் ஆராய்ந்த, பெர்ன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பழைய வாள்களை அவர்கள் மீண்டும் பகுத்தாய்ந்தனர். வாளின் மேற்பரப்பில் நீரலைபோல் ஓடும் கோலத்துக்கு, எஃகில் மிகச் சிற்றளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே காரணம் என்பது 1998இல் அவர்கள் வெளியிட்ட கருத்து. வனேடியத்தின் அளவு 0.02 விழுக்காட்டுக்கும் குறைவு. வார்ப்பு உறையும்போது கிளைப்படிகங்களின் இடைவெளிகளில் இத்தனிமங்கள் ஒதுங்குகின்றன. வாளை மீண்டும் மீண்டும் சூடேற்றி அடிக்கையில், அவ்விடங்களில் இரும்புக் கார்பைடுத் துகள்கள் திரண்டு வரிசை வரிசையாக அமைகின்றன. அவர்கள் வனேடியம் உடைய இரும்பைக் கொண்டு மூசையில் கட்டி வார்த்து, அடித்து, அக்கோலத்தை உண்டாக்கியும் காட்டினர். கலை மறைந்ததற்குத் தொழிலாளர் மறதியினும், தக்க தனிமங்கள் கொண்ட தாது கிட்டாமற்போனதே காரணமாகலாம் என்பது அவர்தம் ஊகம்.

இதில் எது மூலம், எது உரை? பழைய வாள்களில் அளந்த தனிம அளவுகள் மூலம். மறுவாக்கச் சோதனை ஒரு வழியால் அக்கோலத்தைப் பெறலாம் என்பதை மெய்ப்பித்தது. பழங்கொல்லர் அவ்வழியிலேயே சென்றனர் என்பதை அதனால் மெய்ப்பிக்க இயலாது. தாது மாறியதால் கலை அழிந்தது என்பது முற்றிலும் கருதுகோள். ஆனால் பயனுள்ள கருதுகோள்: எந்த மலையின் தாது எந்தக் காலத்தில் எந்த உலைக்குச் சென்றது என்னும் வினாவை அது எழுப்புகிறது. கஞ்சமலையின் தாதையும் அதைச் சூழ்ந்த ஊர்களின் கசடுகளையும் தனிமப் பகுப்பாய்வால் ஒப்பிட இடமுண்டு. அவ்வூர்ப் பெயர்களையும் கல்வெட்டுகளில் வரும் தொழிற்சொற்களையும் அறிந்தவர் தமிழாய்வாளரே. சான்றுகள் கூடவேண்டிய இடம் இதுதான்.

நுண்குழாய் பற்றிய வாதத்துக்கு நெடிது எழுத வேண்டியதில்லை. 2006இல் திரெசுடன் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது ஒரு வாளின் துணுக்கைப் பற்றியது. பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்த, அசாத் உல்லா என்னும் கொல்லரின் பெயரால் அறியப்படும் வாள் அது. அதன் இரும்பு தமிழகத்திலிருந்து சென்றது என அக்கட்டுரை நிறுவவில்லை. ‘சங்ககாலத் தமிழரின் நானோ தொழில்நுட்பம்’ என்று அதைக்கொண்டு தலைப்பிடுவோர் இடத்தால் ஒன்றும் காலத்தால் ஒன்றுமாக இரண்டு தாவல்களைச் செய்கின்றனர். விளைபொருளில் ஒரு நுண்ணமைப்பு இருப்பதும் செய்தவன் அதை அறிந்திருப்பதும் ஒன்றல்ல என்பது மூன்றாவது.

காலக்கணிப்பிலும் இதே நிதானம் வேண்டும். மயிலாடும்பாறையின் கி.மு. 2172, சிவகளையின் கி.மு. 3345 ஆகிய காலங்கள் தமிழகத் தொல்லியலில் பெருந்திருப்பம். 2022இலும் 2025இலும் அறிவிக்கப்பட்ட இவை, இரும்புப் பொருளுடன் கிடைத்த கரி முதலிய பிற பொருள்களை அளந்து பெற்றவை. அவை இரும்பின் தொன்மை பற்றிப் பேசுகின்றன; அவ்விரும்பு எவ்வகையினது என்பது பற்றிப் பேசவில்லை. ‘ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எஃகு’ என்று எழுதுவோர், அறிக்கை சொல்லாததை அதன் வாயில் வைக்கின்றனர். எதிர்த்தரப்பினர் அம்மிகைக்கூற்றை மறுத்துவிட்டு, அளவீட்டையே மறுத்ததாகக் காட்டிக்கொள்ள இது வழிவகுக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

பொருளை நேரே ஆராய்ந்த பணிகள் எண்ணிக்கையில் சிலவே, ஆனால் உறுதியானவை. தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் மூசை எஃகு உற்பத்தி நடந்த இடத்தைச் சாரதா சீனிவாசன் கண்டு, மூசை ஓடுகளை ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார். தமிழகத்துப் பெருங்கற்கால ஈமச்சின்னம் ஒன்றில் கிடைத்த இருபுறக் கூர்வாளின் உயர்கரிம எஃகைப் பற்றிச் சாங்-சிக் பார்க்கு, கா. இராசன், இரமேசு ஆகியோர் எழுதிய கட்டுரை 2020இல் வெளிவந்தது. தமிழில் எழுதப்பெறும் ஆய்வேடுகளில் டமாஸ்கஸ் வாளுக்குக் கிடைக்கும் பக்கங்களில் பாதியேனும் இவ்விரண்டுக்கும் கிடைக்கவேண்டும். புகழ்பெற்ற வாள் பிறநாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைந்த மூசை ஓடு தென்னார்க்காட்டு மண்ணில் கிடக்கிறது. தமிழகத்தில் எஃகு உருகியதற்கு இரண்டாவதே நேர்ச்சான்று.

இவற்றை எண்ணின், தமிழ்த்துறைகள் உடனே செய்யக்கூடியவை சில உள. உலோகத் தொழில் பற்றிய முனைவர்பட்ட ஆய்வுக்குப் பொருளறிவியல் அல்லது உலோகவியல் துறையிலிருந்து இணை நெறியாளர் ஒருவர் இருத்தல் வேண்டும்; முகவுரையில் நன்றி பெறுவதற்காக அல்லாமல், இயலுக்கு இயல் வினா எழுப்புவதற்காக. தேனிரும்பு, வார்ப்பிரும்பு, மூசை எஃகு, கசடு என்னும் சொற்கள் ஒரே ஆய்வேட்டில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கப்படுவதை மதிப்பீட்டாளர்கள் பிழையாகக் கொள்ளவேண்டும். இந்நெறியைப் பொருளறிவியலாரும் தம் பங்குக்குக் கடைப்பிடித்தல் நன்று. அவர்தம் கட்டுரைகளின் முன்னுரையில் சங்க இலக்கியம் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக, பெரும்பாலும் பாட்டெண்கூட இன்றி, அணிகலனாகவே வருகிறது.

கடினமான சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. வெட்டுமுகம் காண வேண்டுமெனில் பொருளிலிருந்து சில மில்லிமீட்டர் வெட்டியெடுத்தல் வேண்டும். அகழ்வில் கிடைத்த வாளை வெட்டுவதற்கு அருங்காட்சியகக் காப்பாளர் தயங்குவது இயல்பே, அத்தயக்கம் மதிக்கத்தக்கதும்கூட. ஆனால் துருவேறிச் சிதைந்து, காட்சிக்குத் தகுதியற்றதெனப் பெட்டிகளில் கட்டிவைக்கப்பட்ட துண்டுகள் தனி வகை. நன்னிலையில் உள்ள வாளைத் தொடாமலே, உலோக உட்கரு இன்னும் எஞ்சியிருக்கும் அத்துண்டுகளிலிருந்து மாதிரி எடுக்கலாம். கதிர்ப்படம் எடுத்து உட்கருவின் இருப்பை முன்னரே அறியவும் முடியும். துரு ஆண்டுதோறும் உட்கருவைத் தின்றுகொண்டிருப்பதால், எந்தத் துண்டை எவர் ஒப்புதலுடன் வெட்டலாம், எஞ்சிய பகுதியையும் மெருகிட்ட மாதிரியையும் எங்கே வைப்பது என்னும் விதிமுறையைத் தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் கூடி வகுக்கவேண்டிய காலம் இது.