இரும்பை எறிந்தோம், இனி?

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைத் திணித்தால் நோய் ஓடிவிடும் என்கிறார்கள். ஓடுவது நோயல்ல, தோழர்களே, சிகிச்சைக்குரிய காலம்!

இரும்பை எறிந்துவிட்டு மாத்திரைக்கு வந்தவருக்கும் ஒரு சொல் உண்டு. வலிப்பை அடக்க 1938-லே வந்தது ஃபெனிட்டாயின். காசநோயை ஒழிக்க 1952-லே வந்தது ஐசோனியசிட். இரண்டும் நம் நண்பர்கள்தாம். ஆனால், ஃபெனிட்டாயினைச் சிதைத்து வெளியேற்றும் ஈரலின் வேலையை ஐசோனியசிட் தடுக்கிறது. இரத்தத்திலே மருந்து மிகுகிறது. கண் ஆடுகிறது, நாக்குக் குழறுகிறது, கால் தள்ளாடுகிறது.

மோகனூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் தோழர் இப்படித் தள்ளாடினால், ‘குடிகாரன்’ என்று கூலியை மறுப்பதா? குடியல்ல அது, மருந்தின் மிகுதி!

காசநோய்க்கு உடன் தரும் ரிஃபாம்பிசினோ ஃபெனிட்டாயினின் அளவைக் குறைக்க வல்லது. அடங்கிய வலிப்பு மீண்டும் தலைதூக்கலாம். அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்தினாலோ, விடாத வலிப்பு வந்து உயிரையே குடிக்கக்கூடும்.

வழி என்ன? எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் சென்றாலும், வலிப்பு மாத்திரை அட்டையை முதலில் காட்டுங்கள். இரத்தத்தைச் சோதித்து, அளவைத் திருத்துவது அவர் பொறுப்பு.

வேலை போகும், மகள் திருமணம் தடைப்படும் என்று மறைக்கிறார்கள். மறைக்கச் செய்த சமுதாயமே, வெட்கப்பட வேண்டியவர் நோயாளியா, நாமா?