மொட்டைமாடியில் சோலார்... மானியத்துக்கு முன்னாடி நிழலைப் பாருங்க!

மே மாசம், உச்சி வெயில். சோலார் கம்பெனியிலிருந்து வந்தவர் மொட்டைமாடியில் டேப் பிடித்து அளக்கிறார். "சார், அருமையான வெயில். நிழலே இல்ல. 3 கிலோவாட் தாராளமா போடலாம், 78,000 ரூபாய் மானியம் வரும்" என்கிறார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அட்வான்ஸ் கைமாறுகிறது.

அதே மாடிக்கு மார்கழி மாசம் காலை 9 மணிக்கு ஏறிப் பாருங்க. பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க், தென்னை மரம், நம்ம வீட்டு மாடிப்படி அறை என எல்லாத்தோட நிழலும் பேனல் மேல்தான் படுத்திருக்கும்!

வீட்டு சோலாரில் பலர் கோட்டை விடும் இடம் இதுதான். இந்தப் பிரச்னைக்குத் தீர்வு என்றுதான் இப்போது கொட்டேஷன்களில் 'மைக்ரோ இன்வெர்ட்டர்' என்ற பெயர் அடிபடுகிறது. கூடுதல் காசு கொடுத்து அதை வாங்கணுமா?

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பி.எம் சூர்யா கர்' திட்டத்தைத் தொடங்கியது. இலக்கு ஒரு கோடி வீடுகள். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக மொத்தம் அதிகபட்சம் 78,000 ரூபாய். 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி-யும் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது.

விலை இறங்கியாச்சு, மானியமும் இருக்கு. அதனால் 'எத்தனை கிலோவாட், எவ்வளவு மானியம்' என்ற இரண்டு கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் பேனல் 25 வருஷம் மாடியில் இருக்கப்போகிற பொருள். மானியம் ஒரே ஒரு முறை வரும். நிழல் தினமும் வரும்.

சீரியல் செட் கதை

பேனலில் உருவாவது டி.சி மின்சாரம். வீட்டில் ஓடுவது ஏ.சி. நடுவில் மாற்றிக் கொடுப்பது இன்வெர்ட்டர். வழக்கமான முறையில் எல்லா பேனல்களையும் திருவிழா சீரியல் செட் மாதிரி வரிசையாகக் கோத்து, சுவரில் மாட்டிய ஒரே இன்வெர்ட்டருக்குக் கொண்டுவருவார்கள். இதற்கு ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் என்று பெயர். வரிசையில் ஒரு பேனல் தடுமாறினால் மற்றவையும் பாதிக்கப்படலாம்.

மைக்ரோ இன்வெர்ட்டர் என்பது ஒவ்வொரு பேனலுக்கும் அடியிலேயே பொருத்தப்படும் குட்டி இன்வெர்ட்டர். டி.சி அங்கேயே ஏ.சி-யாக மாறிவிடும். ஒரு பேனல் நிழலில் தூங்கினாலும் பக்கத்து பேனல் தன் வேலையைப் பார்க்கும். எந்த பேனல் எத்தனை யூனிட் கொடுத்தது என்று போன் ஆப்பிலேயே தனித்தனியாகப் பார்க்கலாம்.

பாதுகாப்பிலும் ஒரு லாபம். ஆறு பேனலைக் கோத்தால் 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி மின்சாரம் மாடியிலிருந்து கீழே இறங்கும். கனெக்டர் லூஸாக இருந்தால் தீப்பொறி ஆபத்து உண்டு. மைக்ரோவில் டி.சி அந்தந்த பேனல் அளவோடு, 40-50 வோல்ட்டில் நின்றுவிடும்.

ஆனால், 'ஒரு இலை விழுந்தாலும் ஸ்ட்ரிங் மொத்தமும் அவுட்' என்று யாராவது சொன்னால் முழுசா நம்பாதீங்க. இப்போதைய பேனல்களில் பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன. நிழல்பட்ட பகுதியைத் தாண்டி மின்சாரம் போக அவை வழிவிடும். இழப்பு இருக்கும், ஆனால் எப்போதாவது விழும் சின்ன நிழலுக்காக மைக்ரோ வாங்க வேண்டியதில்லை. தினமும் சில மணி நேரம், சில பேனல்கள் மீது மட்டும் நகர்ந்துபோகும் நிழல் என்றால்தான் மைக்ரோவுக்கு மதிப்பு. இடமில்லாமல் பேனல்களைக் கிழக்கு, தெற்கு, மேற்கு என்று பிரித்து வைக்க வேண்டிய வீட்டுக்கும் இது பொருந்தும்.

நாள் முழுக்க நிழல் விழும் மாடியா? எந்த இன்வெர்ட்டரும் காப்பாற்றாது. வெயில் இல்லாத பேனலில் மாற்றுவதற்கு மின்சாரமே இருக்காது.

நிழலை எப்படிக் கணக்குப் போடுவது?

சென்னையில் மே மாதம் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருக்கும். டிசம்பர் கடைசியில் அதே நண்பகலில் தெற்கே சாய்ந்து, சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பேனலை விட 6 அடி உயரமான டேங்க் இருந்தால் மதியமே நாலரை அடிக்கு நிழல். காலை 9 மணிக்கு 9 அடியைத் தாண்டும்.

அதனால் தெற்கு, கிழக்கு, மேற்கில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கையில் இருக்கும் போனே போதும். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு ஒரே இடத்தில் நின்று மாடியைப் போட்டோ எடுங்க. முடிந்தால் டிசம்பர், ஜனவரியில் எடுங்க. பக்கத்து காலி மனையையும் மறக்காதீங்க. அங்கே நாளைக்கே இரண்டு மாடி எழும்பலாம்.

போட்டோவில் நிழலே இல்லையா? சாதாரண ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரே போதும், மிச்சக் காசு கையில். டேங்கைத் தள்ளி வைத்தாலோ, பேனல் ஸ்டாண்டை உயர்த்தினாலோ நிழல் போய்விடுமா? முதலில் அதைச் செய்யுங்க. என்ன செய்தும் நிழல் போகவில்லை என்றால் மைக்ரோவை யோசிங்க. ஸ்டாண்டை உயர்த்தும்போது புயல் காற்றைத் தாங்குமா என்றும் கேளுங்க. வர்தா, கஜாவைப் பார்த்த ஊர் நம்முடையது.

கொட்டேஷனில் சொல்லாத மூன்று விஷயங்கள்

ஒன்று, கரன்ட் கட். மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். மைக்ரோவும் அப்படித்தான். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கரன்ட் கட்டிலும் ஃபேன் ஓடணும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற கருவிகளும் தனிச்செலவு.

இரண்டு, வெயில். சுவரில் நிழலில் மாட்டும் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் போலில்லாமல், மைக்ரோ 25 வருஷமும் கொதிக்கும் மாடியில் கிடக்க வேண்டும். பழுதானால் பேனலைக் கழற்றித்தான் மாற்ற முடியும். வாரன்ட்டி எத்தனை வருஷம் என்பதோடு, ஆள் வந்து மாற்றித் தரும் கூலியும் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்க.

மூன்று, மானியக் கணக்கு. பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டர் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட். ஆனால் ஒவ்வொன்றுக்கும் 450 வாட் மைக்ரோ மாட்டினால் மொத்தம் 2.7 கிலோவாட்தான். மானியம் 78,000 அல்ல, 72,600. உற்பத்தியில் பெரிய நஷ்டம் வராது, ஏனென்றால் நம்மூர் சூட்டில் 540 வாட் பேனல் 540-ஐத் தொடுவதே அபூர்வம். ஆனால் 78,000 வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் ஏமாறக் கூடாது. மானியத்துக்கு இந்தியத் தயாரிப்பு பேனல்கள் கட்டாயம் என்பதையும் கவனத்தில் வையுங்க.

எத்தனை கிலோவாட் போடலாம்?

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட். இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

உங்க வீட்டு பில் 600 யூனிட் என்று வையுங்க. 2 கிலோவாட் போட்டாலே 480 யூனிட் கழிந்துவிடும். முதலில் குறைவது விலை அதிகமான மேல் ஸ்லாப் யூனிட்தான். 500 யூனிட் கோட்டுக்குக் கீழே இறங்குவதே பெரிய மிச்சம். 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட். நமக்குத் தேவையானதை விட அதிகம். மிஞ்சும் யூனிட்டுக்கு மின்வாரியம் தரும் விலை, மேல் ஸ்லாப்பில் நாம் கொடுக்கும் விலையை விட ரொம்பக் குறைவு. ஏ.சி-யோ எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோ வாங்கும் திட்டம் இருந்தால் மட்டும் பெரிசா யோசிங்க.

மாறாக, பில் 200 யூனிட்டுக்குள் வரும் வீடு என்றால், இலவச யூனிட் போக சோலாரால் மிச்சமாவது சொற்பம். போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 'மானியம் போயிடும், சீக்கிரம்' என்று அவசரப்படுத்துகிறவர் உங்களுக்காகப் பேசவில்லை.

கையெழுத்துக்கு முன்...

ஒரு வருஷ பில்லை எடுத்து வையுங்க. நிழல் போட்டோக்களைக் காட்டி, எந்த பேனல் எங்கே வரும் என்று வரைபடம் கேளுங்க. ஸ்ட்ரிங்குக்கு ஒன்று, மைக்ரோவுக்கு ஒன்று என இரண்டு கொட்டேஷன் வாங்கி, இரண்டிலும் வருஷத்துக்கு எத்தனை யூனிட் வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்க. மைக்ரோவால் கூடுதலாக வரும் யூனிட்டின் மதிப்பு, கூடுதல் விலையைச் சில வருஷங்களில் எடுத்துவிடுமா என்று பாருங்க. 'நிழல் இருக்கு, அதனால மைக்ரோ போடுங்க' என்று சொல்பவரிடம் ஒரே கேள்வி: "எந்த பேனல் மேல, எத்தனை மணிக்கு?"

பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்க. தெரியாதவருக்கு மாடியில் ஒரு மோர் கொடுத்து அனுப்பிடுங்க!