வயதான நாயின் மறதிக்கு சிபிடி எண்ணெய்: நம்பிக்கை இருக்கு, ஆதாரம் இருக்கா?

ராத்திரி ரெண்டு மணிக்குக் காரணமே இல்லாமல் குரைக்கும். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கும் பக்கம் போய் நின்று காத்திருக்கும். வருஷக்கணக்கில் பழகிய வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடும். சில சமயம் நம்மையே யாரோ மாதிரி பார்க்கும்.

'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று நாம் கடந்துபோகும் இந்த மாற்றங்களுக்குக் கால்நடை மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: நாய்களின் அறிவாற்றல் குறைபாடு. மனிதர்களின் டிமென்ஷியாவோடு ஒப்பிடக்கூடியது. இதற்கு என்ன வழி என்று போனில் தேடினால், உடனே கண்ணில் படுவது சிபிடி எண்ணெய். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம், வரிசையில் முதலாவதாக வந்து நிற்கிறது.

எத்தனை நாய்களுக்கு வருது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (டேவிஸ்) ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்திடமும், 15-16 வயது நாய்களில் 68 சதவீதத்திடமும் ஏதாவது ஒரு அறிகுறியாவது இருந்தது. 15,019 நாய்களின் தகவலை வைத்து 'டாக் ஏஜிங் புராஜெக்ட்' 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வயது கூடும்போதும் இந்தப் பாதிப்புக்கான வாய்ப்பு சுமார் 52 சதவீதம் கூடியது.

மூளைக்குள் நடப்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு என்கிற புரதம், வயதான நாய்களின் மூளையிலும் படிகிறது.

சிபிடி என்ன பண்ணும்?

கஞ்சா செடியில் இருக்கும் பல வேதிப்பொருட்களில் சிபிடி ஒன்று. போதை தருவது டிஎச்சி என்ற இன்னொரு பொருள். சிபிடி அந்தப் போதையைத் தராது. அதனால் 'கஞ்சா எண்ணெயா?' என்று பதறவும் வேண்டாம், 'இயற்கையானதுதானே' என்று மயங்கவும் வேண்டாம்.

இதன் பின்னால் அறிவியலே இல்லை என்றும் சொல்ல முடியாது. அரிய வகை வலிப்பு நோய்களுக்கான சிபிடி மருந்து ஒன்றை அமெரிக்காவின் எஃப்டிஏ 2018-ல் மனிதர்களுக்கு அனுமதித்தது. நாய்களின் மூட்டுவாதத்தில் வலி குறைந்ததாக கார்னெல் பல்கலைக்கழகம் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வில், சிபிடி எடுத்த நாய்களுக்கு வலிப்பு வரும் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் இவை சிறிய ஆய்வுகள். கார்னெல் ஆய்வில் 16 நாய்கள்தான். இரண்டு ஆய்வுகளிலும் கல்லீரலோடு தொடர்புடைய ஒரு என்சைமின் அளவு ரத்தத்தில் உயர்ந்தது.

மறதி விஷயத்தில் நிலைமை இன்னும் பலவீனம். எலிகளிலும் செல்களிலும் நடந்த சோதனைகளில், மூளை அழற்சியை சிபிடி குறைப்பதாகத் தெரிந்தது. அதை வைத்துத்தான் 'நாய்க்கும் உதவும்' என்கிறார்கள். போலி மருந்தோடு ஒப்பிட்டு, போதுமான எண்ணிக்கையில் நாய்களிடம் சோதித்து, 'இது மறதியைத் தடுக்கிறது' என்று நிரூபித்த ஆய்வு இல்லை. விலங்குகளுக்கான எந்த சிபிடி பொருளுக்கும் எஃப்டிஏ அனுமதி தரவும் இல்லை.

அப்போ 'எங்க நாய்க்கு வேலை செஞ்சுது' என்கிறார்களே?

அவர்கள் பொய் சொல்லவில்லை. நாயால் தன் நிலைமையைச் சொல்ல முடியாது; நாம்தான் பார்த்துச் சொல்கிறோம். நொண்டும் நாய்களிடம் நடந்த ஓர் ஆய்வில், போலி மருந்து கொடுக்கப்பட்ட நாய்கள் தேறிவிட்டதாக உரிமையாளர்கள் பாதிக்கும் மேற்பட்ட முறை தவறாகக் கணித்தார்கள். நாய் காலை ஊன்றும் விசையை அளந்த கருவி அப்படிச் சொல்லவில்லை. ஆசை கண்ணை மறைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மூட்டு வலியாலும் வயதான நாய் ராத்திரி தூங்காமல் அலையும். எண்ணெய் அந்த வலியைக் குறைத்திருக்கலாம், அல்லது நாயை மந்தமாக்கியிருக்கலாம். நாய் தூங்குகிறது, 'மறதி சரியாயிடுச்சு' என்று நினைக்கிறோம். தூக்கம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் வலிக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கும்போது, அது வலி என்றே தெரியாமல் போவது நாய்க்குச் செய்யும் அநியாயம்.

பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?

அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிப் பரிசோதித்த 2017 ஆய்வில், லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. டிஎச்சி நாய்க்கு ஆகாது: தள்ளாட்டம், மயக்கம், கட்டுப்பாடின்றிச் சிறுநீர் கழிதல் எல்லாம் வரும். ஏற்கெனவே திசை தெரியாமல் தவிக்கும் நாய்க்கு இது தேவையா? தவிர, வலிப்பு மாத்திரை போன்ற மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் சிபிடி மாற்றக்கூடும்.

முதல்ல என்ன செய்யலாம்?

வித்தியாசமான நடத்தையை போனில் வீடியோ எடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்காதது, பார்வை மங்குவது, சிறுநீரகக் கோளாறு, மூட்டு வலி எல்லாமே மறதி போலத் தெரியலாம். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு.

மறதிதான் என்று உறுதியானால், செலிஜிலின் என்ற மருந்து இருக்கிறது. நாய்களின் இந்தப் பிரச்சினைக்காகவே அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்றது. மூளைக்கு மாற்று எரிபொருளாகும் கொழுப்பு சேர்த்த சிறப்பு உணவுகளும் உண்டு. மருத்துவர் முடிவு செய்யட்டும்.

செலவில்லாதவையும் இருக்கு. தினமும் ஒரே நேரத்தில் நடை, ஒரே நேரத்தில் சாப்பாடு. சாமான்களை இடம் மாற்றாதீர்கள். ராத்திரி சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். மோப்பம் பிடித்துத் தின்பண்டம் தேடும் விளையாட்டு மூளைக்கு வேலை கொடுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சிபிடி முயற்சி செய்யணும் என்றால், மருத்துவருக்குத் தெரிந்தே செய்யுங்கள். தனி ஆய்வகச் சான்று இருக்கா, டிஎச்சி எவ்வளவு என்று கேளுங்கள். ஆரம்பிக்கும் முன்பும் பின்பும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எடுங்கள். இதைக் கேட்டதும் விற்பவர் தயங்கினால், அந்தப் பணத்தை மருத்துவர் ஃபீஸுக்கு எடுத்து வையுங்கள். பதினான்கு வயது நாய்க்கு ஆறு மாசம் என்பது பெரிய காலம். அதை வெறும் நம்பிக்கையில் கழித்துவிடக் கூடாது.