நிறுத்துப் பாராத ஒப்போலை

தாயில்பட்டி வட்டாரத்தில் வெடிமருந்து கலக்கும் தொழிலாளி, வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் நிறுத்துப் பாராமல் ஒன்றோடொன்று சேர்ப்பதில்லை. அளவு பிழைத்தாலும் உராய்வு மிகுந்தாலும் முதலில் எரிவது தன் உடலே என்பதை அவன் அறிவான். இத்துணை விழிப்புள்ள மக்கள், ஒரு பெருநாட்டின் படை முழுவதையும் ஏவும் உரிமையைத் தேர்தல் நாளில் மட்டும் யாதொரு நிறுவையுமின்றி எடுத்துக் கொடுத்துவிடுகின்றனர்.

படைக்கொள்கை தில்லிக்காரர் கவலை. ஊரானுக்குக் கூலியும் அரிசியுமே சிக்கல் என்பர் சிலர். கூலியும் அரிசியும் பெரியனவே. எனினும், படைக்கொள்கையால் வந்த இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1974-இல் கச்சத்தீவு இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. 1976-இல் செய்துகொண்ட உடன்பாட்டால் அக்கடலில் மீன்பிடிக்கும் உரிமையும் பறிபோயிற்று. அடுத்த ஆண்டே நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அவ்வுடன்பாடுகளைச் செய்த பேராயக் கட்சியும் அ.தி.மு.க.வும் அடங்கிய அணிக்குத் தமிழகம் 39-இல் 34 இடங்களை அள்ளிக் கொடுத்தது!

1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டனர். அமைதிப்படை என்னும் பெயரோடு ஈழம் சென்ற படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கிற்று. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்தியப் படையாளருள்ளும் 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் 1989 நவம்பரில், அப்படையை ஏவிய பேராயக் கட்சியின் அணிக்கே தமிழகம் 38 இடங்களை வழங்கியது. சிவகாசித் தொகுதியும் அதற்கு விலக்கன்று. போபர்சு பீரங்கி ஊழலை முன்வைத்து வடபுலத்து மக்களே ஆட்சியை மாற்றினர். படையைத் திரும்பப் பெறுதல் முன்னரே தொடங்கியிருந்ததெனினும், 1990 மார்ச்சு 24-இல் அதை முடித்துவைத்தது வி.பி. சிங் ஆட்சியே. ஈழத்தில் தன்னினம் வீழ்ந்தபோது தமிழன் போடாத எடையை, பீரங்கிக் கணக்கில் வடவன் போட்டான் அன்றோ?

இன்னொன்றும் உணரத்தக்கது. அயல்நாட்டிற்குப் படை அனுப்ப, நாடாளுமன்றத்தின் ஒப்புதலை முன்கூட்டிப் பெறவேண்டும் என்னும் கட்டாயம் இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. அமைச்சரவையின் முடிவே போதும். ஆகலின், அம்முடிவை எடுக்கப்போகும் கையை மக்கள் நிறுத்துப் பார்க்கக் கிடைக்கும் ஒரே துலாக்கோல் தேர்தல்தான். அந்நாளைத் தவறவிட்டால், பின்னர் எழும் கூக்குரலுக்குப் பயனில்லை.

கட்சிகளின் மேடைச்சொல்லும் நிறுத்துப் பார்க்கத்தக்கதே. கச்சத்தீவை மீட்பதாயின் போரே தொடுக்க நேரும் என்று 2014-இல் உச்சநீதிமன்றத்தில் உரைத்தது நரேந்திர மோடி ஆட்சியின் தலைமை வழக்குரைஞர். பத்தாண்டு கழித்து, 2024 தேர்தலின்போது அதே கச்சத்தீவைப் பரப்புரைக் கருவியாக எடுத்தவர் அதே தலைமையமைச்சர். கொடுத்த கட்சியும் மீட்காத கட்சியும் ஒன்றையொன்று பழிக்க, இடையில் இராமேசுவரத்து மீனவன் சிறையும் படகிழப்புமாய் நிற்கின்றான்.

2022-இல் வந்த 'அக்கினிபத்' ஆளெடுப்புத் திட்டமும் இவ்வாறே. நான்காண்டுப் பணிக்குப்பின் நூற்றுக்கு இருபத்தைவர்க்கு மேல் படையில் நிலைக்கவியலாது. மருந்தறையை விட்டுப் படைக்குச் செல்ல விழையும் சிற்றூர் இளைஞன், அதனை எக்கட்சி நீக்கும், எக்கட்சி காக்கும் என்று கேளாமல் இருக்கலாமா?

ஒப்போலை கேட்டு வருவோரிடம் தாயில்பட்டி கேட்க வேண்டுவன மூன்றே: மக்கள் மன்றத்தின் ஒப்புதலின்றி அயல்மண்ணில் படை இறக்குவீரா? தமிழ்க்கடலில் மீனவன் தாக்கப்படுகையில் உங்கள் கடற்படை என்ன செய்யும்? படைக்குச் சென்ற பிள்ளை நான்காண்டில் திரும்பினால் அவனுக்கு என்ன வழி?

விடை சொல்லாதவனுக்கு ஒப்போலை இல்லை என்னும் உறுதி வேண்டும். அளவறியாக் கையில் மருந்தைக் கொடுப்பவன், வெடித்தபின் அக்கையை நொந்து பயனென்ன?