35 வயசு கார்டை இளம் டீம் வாங்கலாமா?

1/ இளம் கூடைப்பந்து டீம் ஒண்ணு வயசான கார்டை வாங்கினா உடனே "கிழவனுக்கு எதுக்கு இவ்ளோ காசு?"னு கிளம்பிடுறீங்க. வயசை மட்டும் பார்த்து முடிவு பண்றது தப்பு மக்களே.

2/ ஃபீனிக்ஸ் சன்ஸ் 2010க்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே போகாத டீம். 2020 நவம்பரில் 35 வயசு கிறிஸ் பாலை வாங்கினாங்க. முந்தின சீசன் 34 வெற்றி, 39 தோல்வி. அவர் வந்ததும் 51 வெற்றி, 21 தோல்வி. கோப்பை கிடைக்கல, ஆனா ஃபைனல்ஸ் வரைக்கும் போனாங்க.

3/ "உடம்பு தாங்குமா?" நியாயமான கேள்வி. 2018ல தொடைப் பின்தசை காயத்தால கடைசி 2 ஆட்டம் அவர் ஆடல. ஹூஸ்டன் ரெண்டுலயும் தோத்துச்சு. டாக்டரா சொல்றேன், ஒருமுறை காயமான தசை மறுபடி காயமாக வாய்ப்பு அதிகம். அதுக்கு வழி ஆடுற நிமிஷத்தைக் குறைக்கிறது, ஆளையே ஒதுக்குறது இல்ல.

4/ பார்க்க வேண்டியது விலையை. சன்ஸ் கொடுத்தது 4 வீரர்கள், ஒரே ஒரு முதல் சுற்று பிக். புக்கர், எய்ட்டன் மேல கை வைக்கல.

5/ 2013ல புரூக்ளின், கார்னெட், பியர்ஸுக்காக 3 முதல் சுற்று பிக் கொடுத்துச்சு. அதுல ஒண்ணுலதான் பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுன் கிடைச்சாரு.

அதனால வயசைக் கேக்காதீங்க. பதிலுக்கு என்ன கொடுத்தாங்கன்னு கேளுங்க.